தொடாமல் பாடும் பெட்டி

சேசு மரி சூசை

திண்டுக்கல்,
24-1-1964

என் அன்பு மகள் புஷ்பமேரிக்கு உன் அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. தேவமாதாவின் தயவால் இங்கே நானும் அப்பாவும் சுகமாயிருக்கிறோம், அந்தக் குளிர் ஊரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அதேபோல் இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் ஜெபமாலையில் என் மன்றாட்டு. அப்பா சுகம் என்பது இந்தத் தடவை வழக்கத்துக்கு எழுதுகிற வார்த்தை இல்லை, நிஜமாகவே சுகம். அதைச் சொல்லத்தான் பொங்கலுக்கு இறக்கிய பாத்திரத்தைக்கூடப் பரணில் ஏற்றாமல் காகிதத்தை எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளையைத் தூங்கப் போட்டுவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, நிதானமாகப் படி. நீ கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே பாலைப் பொங்கவிடுகிறவள் என்று எனக்குத் தெரியும்.

போன கடிதத்தில் அப்பா ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை என்று கேட்டிருந்தாய், நான் ஏதோ மழுப்பி எழுதினேன். நடந்தது என்னவென்றால், தொண்டை ஆபரேஷன் முடிந்து ஊருக்கு வந்த நாளிலிருந்தே அவர் உன் பழைய அப்பாவாக இல்லை. உயிர் தப்பியதே பெரிது என்று டாக்டர் சொன்னார், குரல் வருகிற இடத்தையே எடுத்துவிட்டதால் இனிமேல் பேச்சு வராது, கழுத்தில் உள்ள துவாரம் வழியாகத்தான் மூச்சு என்றும் சொன்னார். பேச்சு வராவிட்டால் போகிறது, இத்தனை வருஷம் என்னோடு பேசிக் கிழித்தது போதாதா என்று நானும் தைரியமாகத்தான் கேலி பேசினேன். ஆனால் பாட்டும் போய்விட்டதே, அதை நான் யோசிக்கவில்லை. நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து நம் கோயில் சப்பரத்துக்கு முன்னால் நின்று பாடியவர், புகையிலைக் கிட்டங்கியில் கணக்கு எழுதியது வயிற்றுக்கு, பாடியதுதான் அவருக்கு. பாட்டுக்குழுவிலிருந்து யாராவது பார்க்க வந்தால் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வார். மூச்சு சீறுகிற சத்தம் யாருக்கும் கேட்கக் கூடாதென்று தனியாக உட்கார்ந்து கஞ்சி குடிப்பார், அதுவும் பாதி மிச்சமிருக்கும். உடம்பில் ஒரு கோளாறும் இல்லை, சாப்பிட்டால் தேறிவிடுவார் என்று டாக்டர் சொல்கிறார், இவரோ சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். மார்கழியில் ஒருநாள் சிலேட்டில் போதும் என்று எழுதி என்னிடம் நீட்டினார். கஞ்சி போதும் என்கிறாராக்கும் என்று தட்டை எடுக்கப் போனேன், அது இல்லை என்று தலையை ஆட்டினார். நான் முந்தானையால் சிலேட்டைத் துடைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதேன். இந்த வருஷத் திருவிழா முடிவதற்குள் என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போய்விடுவார் என்றே நினைத்தேன், உனக்கு அதை எப்படி எழுதுவது.

இனி செபஸ்தியார் திருவிழாச் சமாசாரம். புதிதாக வந்திருக்கும் சின்னச் சாமியார் துடியானவர், சும்மா ராட்டினமும் வளையல் கடையும் போட்டு என்ன பிரயோஜனம், அவரவர் கையால் செய்த சாமான்களைப் பள்ளிக்கூட மைதானத்தில் கொண்டுவந்து வையுங்கள், எந்த மதத்தாராக இருந்தாலும் சரி என்று பூசையில் அறிவித்துவிட்டார். சாணார்பட்டிப் பக்கமிருந்து ஆள் உயரப் புடலங்காயும் பச்சைப்பிள்ளை கணக்காய் ஒரு பூசணியும் வண்டியில் வந்தன. நம் மாதா சபைப் பெண்கள் தலையணை உறைகளைத் தொங்கவிட்டோம், நான் தைத்த மயிலை எல்லோரும் வாத்து என்றார்கள், அதை விடு. கூட்டம் முழுக்க ஒரே ஒரு பந்தலில்தான் மொய்த்தது. உனக்கு இரண்டு வகுப்பு இளையவன் பாக்கியராஜ், உபதேசியார் மகன், சின்னதிலிருந்து அப்பாவிடம் பாட்டுப் படித்தவன், இப்போது ரேடியோ ரிப்பேர் செய்கிறான். அவனும் பேகம்பூரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அப்துல் கையூமும் இணைபிரியாத சிநேகிதர்கள். சம்பாதிப்பதையெல்லாம் கம்பியும் பல்புமாக வாங்கி வீணாக்குகிறார்கள் என்று இரண்டு பேர் வீட்டிலும் திட்டு. அந்த இரண்டு பேரும் போட்ட பந்தல்தான் அது.

கையூம் செய்திருந்தது ஒரு தகர மனுஷன். மண்ணெண்ணெய்த் தகரம் உடம்பு, கோயிலில் ஏழைகளுக்குக் கொடுக்கிற பால்மாவு வருகிறதே, அந்த டின் தலை, டார்ச் பல்பு கண், கைக்குள்ளே லாரிக் கண்ணாடியைத் துடைக்கிற மோட்டார். மார்பில் டெலிபோனில் பேசுகிற மூடி ஒன்று இருக்கிறது, அதுதான் அவனுக்குக் காது. நீ அவன் முன்னால் பலமாகக் கைதட்டினால் போதும், கண் இரண்டும் பளிச்சென்று எரியும், வலது கை கிர்ரென்று நெற்றி வரைக்கும் உயரும், பிறகு இறங்கும். கையூம் அதைச் சலாம் என்கிறான், கடைத்தெருக்காரர்கள் வணக்கம் என்கிறார்கள், நம் ஆட்கள் சிலுவை போடப் பார்க்கிறான் என்கிறார்கள். அதற்குத் தகரத்தான் என்று பெயரே வைத்துவிட்டார்கள். புடலங்காய் கொண்டுவந்த ஆள் ஒருத்தர் கைதட்டிப் பார்த்துவிட்டு, அது கையைத் தூக்கியதும், நல்லாருக்கியாப்பா என்று விசாரித்தார். நான் சிரித்தேன், ஆனால் எனக்கும் என்னவோ செய்தது மேரி. நம் பால்மாவு டின்தான், நாமே உப்புப் போட்டு வைக்கிற டின்தான், அது நம்மைப் பார்த்துக் கண் திறக்கும்போது மார்பு ஒருதரம் நின்று அடிக்கிறது.

பாக்கியராஜ் செய்ததைப் பார்த்தால் முதலில் ஒன்றுமே தோன்றாது. தையல் மிஷின் மூடி அளவுக்கு ஒரு மரப்பெட்டி, மேலே நட்டுக்குத்தலாய் ஒரு பித்தளைக் கம்பி, பக்கவாட்டில் வளையமாய் இன்னொரு கம்பி, அவ்வளவுதான். தந்தி இல்லை, கட்டை இல்லை, ஊதுகிற துளை இல்லை. நிற்கிற கம்பிக்கு எதிரே வெறும் கையைக் கொண்டுபோனால் பெட்டி சத்தம் கொடுக்கும், கை நெருங்க நெருங்கச் சத்தம் உச்சத்துக்குப் போகும், விலகினால் இறங்கும். வளையத்தின் பக்கம் இடது கையை வைத்தால் சத்தம் அடங்கும், எடுத்தால் பெருகும். ஒன்றையும் தொடவே கூடாது. ரேடியோவுக்குள் இருக்கிற வால்வுகள்தான் பாடுகின்றன, நம் உடம்பு பக்கத்தில் வருவது அதுகளுக்குத் தெரியும், அம்புட்டுத்தான் அத்தை என்று பாக்கியராஜ் விளக்கினான். அம்புட்டுத்தான் என்று அவன் சொன்னதை நினைத்தால் இப்போதும் எனக்குப் புல்லரிக்கிறது. நான் காற்றில் கையை நீட்டினேன், என் கைக்குப் பதில் சொல்வதுபோல் அது முனகியது, தீயில் சுட்டதுபோல் இழுத்துக்கொண்டேன்.

கண்காட்சியைத் திறக்கிற அன்று சாமியார் எல்லாச் சாமானையும் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார், தண்ணீர் ஆகாது சாமி என்று கையூம் கெஞ்சியதால் தகரத்தானுக்குத் தூரத்திலிருந்தே ஆசீர்வாதம் கொடுத்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது, ஆனால் பூக்காரி பேச்சாயி இருக்கிறாளே, புது வண்டி, புது மிஷின் எதுவானாலும் பூ இல்லாமல் ஓடவிட அவளுக்கு மனசு வராது. இம்புட்டு அதிசயத்த மொட்டையா நிப்பாட்டி வச்சிருக்கீகளே என்று சொல்லி, தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு செவ்வந்தி மாலையைப் பித்தளைக் கம்பியிலேயே சுற்றிவிட்டாள். அவள் பிரியமாய்ப் போட்டதை எடுக்க யாருக்கு மனசு வரும், பாக்கியராஜும் கும்பிட்டுவிட்டு விட்டுவிட்டான். அதோடு பிடித்தது சனி. அதுவரை ஏதோ பாட்டு மாதிரி வந்துகொண்டிருந்தது, அதற்குப் பிறகு சுருதி நிற்கவே இல்லை. அவன் ஒரு இடத்தில் கையை வைத்து ஒரு ஸ்வரம் பிடிப்பான், செத்த நேரம் கழித்து அதே இடத்தில் வேறே ஸ்வரம் வரும். வால்வை மாற்றினான், கம்பியை ஒட்ட வைத்தான், கையூம் பெட்டியைப் பிரித்து ஊதினான். பூவைப் போய் யார் சந்தேகப்படுவார்கள். ஈர மாலை காயக் காயச் சுருதி நகர்ந்திருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. மைக் செட்காரன் வேறு அந்தப் பெட்டியைக் கூம்புக் குழாயில் இணைத்துவிட்டான், சப்பரப் பாட்டைப் பாக்கியராஜ் தப்பும் தவறுமாய் வாசிப்பது நம் தெரு முழுக்கக் கேட்டது. வருஷா வருஷம் அப்பா பாடுகிற அதே பாட்டு.

நான் அப்போது வீட்டுக்கு வந்து அப்பாவுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பாட்டின் முதல் வரி வந்தது, முதுகு அசையவில்லை. இரண்டாவது வரியில் எங்கே ஏற வேண்டுமோ அங்கே அது சறுக்கியது, அப்பாவின் கால் கட்டில் சட்டத்தில் இடித்தது. திரும்பவும் ஆரம்பித்தான், திரும்பவும் அதே இடத்தில் சறுக்கினான். அப்பா எழுந்து உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டார். மூன்றாம் தடவை சிலேட்டை எடுத்து என்னவோ எழுதி என் முகத்துக்கு நேரே பிடித்தார். ஒரு வாரமாக அவர் அதில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. பார்த்தால் கழுதை என்று எழுதியிருக்கிறது. என்னைத்தான் சொல்கிறாரோ என்று நினைத்துவிட்டேன். அதற்குள் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார், கழுத்தில் மப்ளரைச் சுற்றினார், செருப்பைத் தேடி எடுத்துத் தெருவில் இறங்கிவிட்டார். கஞ்சிச் சட்டியை அப்படியே வைத்துவிட்டு நான் பின்னால் ஓடினேன்.

அப்பாவைக் கண்டதும் கூட்டம் தானாகவே விலகிக் கொடுத்தது. இத்தனை மாதம் அவரைப் பார்க்காத ஜனம், இளைத்துப்போன உடம்பையே பார்த்தது. பாக்கியராஜ் பாட்டுப் பயிற்சியில் பிடிபட்ட பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அப்பா அவனைத் திட்டவும் முடியாதே, முறைத்தார், அதுவே போதுமாயிருந்தது. பிறகு பெட்டியைச் சுற்றி வந்தார். காற்றுக்கு மாலை அசைந்தபோதெல்லாம் பெட்டியும் கூடவே முனகியது, அப்பா அதையே கொஞ்ச நேரம் கவனித்துக்கொண்டு நின்றார். பேச்சாயியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு மாலையை மெதுவாகக் கழற்றினார், கொண்டுபோய்த் தகரத்தான் கழுத்தில் போட்டார். அவளுக்குப் பரம சந்தோஷம். மாலை போனதும் பெட்டியின் முனகல் ஒரே கோடாய் நின்றது, கையூம் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அப்பா கையை உயர்த்தினார். சொன்னால் நம்பமாட்டாய், பாட்டுக்குழுவை நடத்தும்போது தூக்குவாரே, அதே மாதிரி. பெட்டி பூனையை மிதித்ததுபோல் கிறீச்சிட்டது. கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அப்பா கையைச் சடக்கென்று இறக்கிக்கொண்டு மப்ளரை இழுத்துவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பினார். இப்போது திரும்பிப் போனால் இவர் மறுபடி கட்டிலைவிட்டு எழுந்திருக்கவே மாட்டார் என்று பட்டது. நான் வழியில் குறுக்கே நின்றுகொண்டேன். அத்தனை ஜனத்துக்கு முன்னால் இதுவரை நான் அவரை எதிர்த்துப் பேசியதில்லை, அன்றைக்குப் பேசினேன். முத நாளு பாக்கியராஜுக்கு எப்பிடிப் பாட வந்துச்சாம், கழுத கணக்கா கத்தினவன நீங்கதான திருத்துனீக, ஒங்களுக்கு மட்டும் ஒடனே வந்துரணுமாக்கும் என்று கேட்டுவிட்டேன். என்னைக் கொன்றுவிடுவதுபோல் பார்த்தார். பிறகு திரும்பிப் போய்ப் பெட்டிக்கு முன்னால் நின்றார்.

இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டார். இடது கையால் சத்தத்தை அடக்கிவைத்துக்கொண்டு, வலது கையைக் காற்றில் மெல்ல நகர்த்தித் தேடினார், இருட்டில் தீப்பெட்டி தேடுகிறவர் மாதிரி. அடி ஸ்வரம் கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். பிறகு ஒரு விரலை நீட்டினார், சத்தம் ஒரு படி ஏறியது. அப்புறம் இன்னொன்று. என் கண்ணால் பார்த்தும் எனக்கே நம்பிக்கை வரவில்லை, அவர் கைக்கும் கம்பிக்கும் நடுவே வெறும் காற்று, அந்தக் காற்றிலிருந்து பாட்டு வருகிறது. வயலினும் இல்லை, நாயனமும் இல்லை, யாரோ வாயை மூடிக்கொண்டு நெஞ்சுக்குள்ளே பாடுவதுபோல் ஒரு சத்தம். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் கை நடுங்குகிறது, டம்ளரைப் பிடித்தால் தளும்பும், அந்த நடுக்கம் பாட்டில் குழைந்து குழைந்து வந்தது. அவர் குரலிலும் உச்சத்தில் அப்படி ஒரு நடுக்கம் உண்டு, உனக்கு நினைவிருக்கும். பாக்கியராஜ் சறுக்கிய இடத்தில் இவர் ஏறி நின்றார். சிரித்த வாயெல்லாம் மூடிக்கொண்டது.

அன்றிலிருந்து அவரை வீட்டில் பிடிக்க முடியவில்லை. காலையில் கஞ்சியை மிச்சமில்லாமல் குடித்துவிட்டுப் பந்தலுக்குப் போனால் மத்தியானம் வெஞ்சனத்தோடு நான் தூக்குச்சட்டியைக் கொண்டுபோக வேண்டும். சாமியார் வந்து கேட்டார், பெட்டியைத் தூக்கிக்கொண்டு சப்பரத்துக்கு முன்னால் போக வழியுண்டா என்று. கரண்டு வேண்டுமே சாமி என்றான் பாக்கியராஜ். பெட்டி சப்பரத்திடம் வர முடியாவிட்டால் சப்பரம் பெட்டியிடம் வரட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். செபஸ்தியார் சப்பரம் எந்தக் காலத்திலாவது பள்ளிக்கூட மைதானத்துக்குள் திரும்பியிருக்கிறதா, இந்த வருஷம் திரும்பியது.

பொழுது சாய்கிற நேரம், வானம் இன்னும் சிவப்பாயிருந்தது. சப்பரம் பந்தலுக்கு முன்னால் வந்து நின்றதும் வேட்டுப் போட்டார்கள். வேட்டுச் சத்தத்துக்குத் தகரத்தான் கண்ணைத் திறந்தான், மாலை போட்ட கழுத்தோடு செபஸ்தியாரை நேரே பார்த்தபடி வலது கையை நெற்றிக்கு உயர்த்தினான். அடுத்த வேட்டுக்கு மறுபடியும் உயர்த்தினான். கையூமே இதை எதிர்பார்க்கவில்லை, வாயைப் பிளந்துகொண்டு நின்றான். காதில் சத்தம் பட்டால் கை உயரும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் ஜனங்கள் அப்படியே மண்டியிட்டார்கள், பேச்சாயி தலைக்குமேல் கை குவித்தாள். நானும் மண்டியிட்டேன். பிறகு பெட்டி பாடியது. முதல் வரி முழுக்க அப்பா தனியாகப் பாடினார், நம் பாட்டுக்குழு இரண்டாம் வரியில் சேர்ந்துகொண்டது, மூன்றாம் வரியில் மைதானமே சேர்ந்தது. அத்தனை குரலுக்கும் மேலே அவர் குரல் கேட்டது. குரல் என்றுதான் எழுதுகிறேன், வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

பாட்டு முடிந்து சப்பரம் நகர்ந்ததும் கூட்டமும் பின்னாலேயே போயிற்று. நான் பெண்கள் பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அப்பா என்னைத் தேடுவது தெரிந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு என்னைக் கூப்பிட அவர் கைதட்டுவதுதான் வழக்கம், அங்கே கைதட்டினால் தகரத்தானல்லவா கையைத் தூக்குவான். அவர் தட்டவில்லை. கம்பிக்கு எதிரே வலது கையைப் பின்னுக்கு இழுத்து, மெதுவாக முன்னே கொண்டுபோய், கடைசியில் நிறுத்திவைத்தார். கிட்டங்கியிலிருந்து வரும்போது தெருமுனையிலேயே ஆரம்பிப்பாரே, அடியில் தொடங்கி மேலே ஏறி, கடைசி எழுத்தை ஊரே கேட்கும்படி இழுத்து, இஞ்ஞாசீ என்று, அதேதான். பெட்டிக்கு வார்த்தை கிடையாது, ஏற்றமும் இழுப்பும் மட்டும்தான், எனக்கு என் பெயர் முழுசாகக் கேட்டது. என்ன ஏதென்று யோசிப்பதற்கு முன்னாலேயே, இந்தா வாரேன் என்று மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டேன்.

மாப்பிள்ளையைக் குளிரில் தலைக்குத் துணி கட்டாமல் வேலைக்குப் போகவிடாதே. பிள்ளைக்கு வசம்பு தீர்ந்திருந்தால் எழுது, வருகிற ஆள் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன். அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்காதே, என்ன பாட்டு வாசித்தீர்கள் என்று கேள். பாக்கியராஜ் பெட்டியைக் கொண்டுவந்து நம் வீட்டு முன்னறையில் வைத்துவிட்டான், கரண்டு பில்லை நினைத்தால்தான் எனக்குப் பயம். சர்வேசுரன் உங்கள் மூன்று பேரையும் கண்ணுக்குள் வைத்துக் காப்பாராக. இன்னும் எழுத நிறைய இருக்கிறது, ஆனால் அப்பா முன்னறையிலிருந்து இரண்டாம் தடவையாகக் கூப்பிடுகிறார், நான் போக வேண்டும்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள அம்மா
சூ. இஞ்ஞாசியம்மாள்